பாலத்துக்கு அந்தப் பக்கம் அம்மா

அம்மாவுக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாய் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். காலில் உளி பட்ட காயம் வாரக்கணக்கில் ஆறவில்லை. தோட்டத்து டிரெஸ்ஸர் பார்த்துவிட்டு, "இது நான் கட்டுப்போட்டு ஆறுற புண்ணு இல்ல, கிளினிக்குக்குப் போங்கம்மா" என்று அனுப்பிவைத்தார். அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று அந்தப் பை கனத்துக்கொண்டே போனது. தோட்டம் செம்பனைக்கு மாறி, நாங்கள் கூலாயில் ஒரு தாமான் வீட்டுக்குக் குடிவந்தோம். அப்பா காலமானார். அண்ணன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். மருந்துப் பை மட்டும் அம்மாவை விட்டு நகரவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. மலேசிய சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தியிலும் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தையிடமும் மாமாவிடமும் விசாரித்துப் பாருங்கள். சட்டைப் பையிலோ கைப்பையிலோ ஒரு மாத்திரைப் பட்டை இருக்கும்.

நான் வேலை செய்வது சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். ஜொகூரில் இது சாதாரணம். கூலாய், ஸ்கூடாய், மாசாய் எங்கும் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார்கள் கிளம்பும் சத்தம் கேட்கும். பெருந்தொற்றுக்கு முன் நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேர் வரை இரு கரைக்கும் போய்வந்ததாகச் சொல்வார்கள். அம்மா காலை மாத்திரை போடும் நேரத்தில் நான் வேலையில் இருப்பேன். இரவு மாத்திரை நேரத்தில் பெரும்பாலும் குடிநுழைவு வரிசையில் நிற்பேன். ஆகவே அம்மாவின் மருந்து எனக்குத் தொடக்கம் முதலே கைப்பேசி வழியான காரியம். "பசியாறியாச்சா? மாத்திரை போட்டாச்சா மா?" இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில் வரும். "ஆச்சு பாப்பா" என்று அவரும் ஒரே மூச்சில் பதில் சொல்வார்.

ஒரு விஷயத்தில் எங்களுக்கு வசதி வாய்த்திருந்தது. 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். அரசாங்க கிளினிக் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். சிங்கப்பூரில் எனக்கு ஞாயிறு ஓய்வு. அம்மாவின் தவணை நாளை ஞாயிறாகக் கேட்டு வாங்கிவிட்டால் நானே கூட்டிப்போக முடியும். அறுபது வயதைத் தாண்டிய குடிமக்கள் அங்கே பதிவுக் கட்டணமான ஒரு ரிங்கிட்டைக்கூடக் கட்ட வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்துச் சன்னலில் எண் வரும்வரை காத்திருந்து, வெளியே வந்து தோசை சாப்பிடும்போது மணி பத்தரை ஆகிவிடும். அந்தக் காலைகளில்தான் அம்மாவின் மருந்துகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன்.

நான்கு மருந்து, நான்கு விதி. நீரிழிவுக்கான இரண்டில், கிளிக்ளஸைடு சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு, அல்லது சாப்பிட்ட கையோடு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின் காலையில் ஒன்று. சிம்வாஸ்டாட்டின் இரவில், ஏனென்றால் ஈரல் கொழுப்பை அதிகம் உண்டாக்குவது இரவு நேரத்தில். இத்தனையும் பையின் மேல் ஒட்டிய சின்னத் தாளில் மலாயில் அச்சடித்திருக்கும். அம்மா தோட்டத்து மலாய் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த தமிழ்தான் அவருக்குத் தெரிந்த எழுத்து. அதனால் மாத்திரைகளை உருவத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வார். "பெரிய வெள்ளை", "சின்ன வெள்ளை", "ரோசு" என்று பெயர்கூட வைத்திருந்தார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அரசாங்க மருந்தகத்துக்கு மாத்திரை அனுப்பும் நிறுவனம் மாறினால், மருந்து அதுவேதான், ஆனால் நிறம் மாறும், வடிவம் மாறும். ஒரு முறை ரோசு மாத்திரை வெள்ளையாக வந்தது. அம்மா அதைப் புது மருந்து என்று நினைத்து, பழைய பட்டையில் மிச்சமிருந்ததையும் புதியதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தார். தவணை நாளில் பைகளை அடுக்கும்போதுதான் அது தெரியவந்தது. அன்று முதல் மருந்துச் சன்னலை விட்டு நகர்வதற்கு முன்னால் ஒவ்வொரு பட்டையையும் அம்மா கையில் கொடுத்து, "இது எதும்மா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. அவர் சொல்வதும் தாளில் இருப்பதும் பொருந்தினால்தான் அந்த இடத்தைவிட்டு நகர்வோம்.

அம்மாவுக்கு ஞாபக சக்தி இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. வெட்டுக்காரராக நானூறு மரத்துக்கு மேல் அவர் பொறுப்பில் இருந்தன. எந்த மரம் பால் குறைத்துவிட்டது, எதன் பட்டை காயம்பட்டிருக்கிறது, எதில் பால் வடியும் மங்கு உடைந்திருக்கிறது என்று இன்றும் சொல்வார். அது மணியைப் பார்த்து வந்த ஞாபகமல்ல. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போய், நிரையின் முதல் மரத்தில் உளியை வைத்தால், ஒரு மரம் அடுத்த மரத்தை நினைவுபடுத்தும். கால் போகும் வழியில் கை வேலை செய்யும். "காலை எட்டு மணிக்கு", "இரவு ஒன்பது மணிக்கு" என்ற கணக்கு அந்த ஞாபகத்தில் ஒட்டவில்லை. அதனால் வீட்டுக்குள்ளேயே ஒரு நிரை போட்டோம். அம்மா எழுந்து குளித்ததும் போய் நிற்கும் சாமி மேடைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கு முந்தைய மாத்திரை. விளக்கேற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போவார். இட்லி வேகும் நேரம் அரை மணி நேரத்துக்குச் சரியாக இருக்கும். சாப்பாட்டு மேசையில் அவர் தட்டு வைக்கும் இடத்தில் மெட்ஃபார்மினும் அம்லோடிபினும். படுக்கைக்குப் பக்கத்தில், கண்ணாடியைக் கழற்றி வைக்கும் பெட்டிக்குள் இரவு மாத்திரை. வரிசையைச் சொன்னவர் அம்மாதான். நான் டப்பாக்களை வைத்ததோடு சரி.

ஒவ்வொரு இடத்திலும் ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டி. கடையில் விற்கும் பெட்டிகளில் கிழமைக்கு ஆங்கில முதலெழுத்து மட்டும் இருக்கும். அதில் இரண்டு எழுத்து இரண்டு முறை வரும். நான் வெள்ளை ஒட்டுத்தாளை வெட்டி ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். இப்படியொரு பெட்டி இன்று மருந்தகங்களில் எளிதாகக் கிடைக்கிறது. இதையொத்த யோசனை ஒன்று பிறந்ததும் ஒரு வீட்டில்தான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டேவிட் வாக்னர் என்ற பொறியாளரின் மனைவி கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். இன்று போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் இருவருக்கும் அடிக்கடி வந்தது. வாக்னர் ஒரு தாளில் கிழமைகளை எழுதி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாத்திரையை வைத்தார். தாள் தட்டுப்பட்டு மாத்திரைகள் சிதறிப்போனதும், நாளைக் காட்டும் வட்டமான பெட்டி ஒன்றைத் தானே செய்தார். 1962-இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து 1964-இல் பெற்றார். அந்த யோசனையின் அருமை, "போட்டாயா?" என்று இன்னொருவர் கேட்க வேண்டியதே இல்லை என்பதுதான். அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. பெரியவர்களுக்கு அது மருந்தைவிடப் பெரிய நிம்மதி. இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும் ஆபத்தும் அதில் போய்விடுகிறது.

பிறகு 2020 மார்ச் வந்தது. 16-ஆம் தேதி இரவு பிரதமர் முஹிதீன் யாசின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18-ஆம் தேதியிலிருந்து எல்லை மூடப்படும். நடுவில் இருந்தது ஒரே நாள். 17-ஆம் தேதி, மாற்றுத்துணிப் பையோடும் தலையணையோடும் ஆயிரமாயிரம் பேர் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தைக் கடந்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. வேலையை விட்டால் அம்மாவின் வீட்டுக் கடனைக் கட்ட வழியில்லை. இரண்டு வாரம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு ஒரு மாத மருந்தை எடுத்துவைத்து, பெட்டிகளையும் நிரப்பிவிட்டுப் புறப்பட்டேன். அந்தப் பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். 1924-இல் திறந்த நாள் முதல், நம்மவர்கள் அதைத் தெருவைக் கடப்பதுபோலக் கடந்து பழகியவர்கள். அடுத்த ஒன்றரை ஆண்டுக்கு மேல் என்னால் அதைக் கடக்க முடியவில்லை.

கோலாலம்பூரிலிருந்த அண்ணனாலும் பல மாதங்கள் மாநில எல்லையைத் தாண்ட முடியவில்லை. எதிர்வீட்டு அக்காவும் பக்கத்து வீட்டு மக்சிக்கும்தான் (மலாயில் அத்தை) அம்மாவுக்குக் கைகால். அக்கா கிளினிக்கின் வாகனவழி மருந்துச் சன்னலுக்குத் தன் காரில் போய் மருந்து வாங்கிவருவார். சில மாதங்களில் அஞ்சல் வழியே மருந்து வந்தது. நாட்பட்ட நோயாளிகளுக்காக அரசாங்க மருந்தகங்கள் முன்பிருந்தே நடத்திவந்த ஏற்பாடு அது. மக்சிக் தினமும் மாலையில் வேலி ஓரம் வந்து நின்று "சூடா மாக்கான் ஊபாட்?", மருந்து சாப்பிட்டாச்சா, என்று மலாயில் கேட்பார். சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நூர் ஹிஷாம் தொலைக்காட்சியில் அன்றைய தொற்று எண்ணிக்கையைச் சொல்லும் மாலை நேரம், நாடே வீட்டுக்குள் கடிகாரம்போல் பார்த்திருந்த நேரம். அது முடிந்ததும் நான் காணொளியில் அழைப்பேன். அம்மா பெட்டியைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். காலி அறைகளைப் பார்த்துவிட்டு ஊர்க்கதை பேசுவோம்.

அந்த ஆண்டு புரட்டாசியில்தான் ஒன்று மாறத் தொடங்கியது. சனிக்கிழமை ஒன்றில் காணொளியில் வந்த அம்மாவின் முகம் வேர்த்திருந்தது. பேச்சு குழறியது, கை நடுங்கியது. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஓடிப்போய் மைலோவில் சர்க்கரையை அள்ளிப்போட்டுக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் அம்மா தெளிந்துவிட்டார். அன்று விரதம். காலையில் விளக்கேற்றிவிட்டு வழக்கம்போல் கிளிக்ளஸைடைப் போட்டிருக்கிறார். படையல் முடிந்து சாப்பிட மூன்று மணியாகிவிட்டது. அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். வயிற்றில் சோறு இல்லையென்றால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கிவிடும்.

அதன் பிறகு சாமி மேடைப் பெட்டியில் அடிக்கடி அறைகள் நிரம்பியே இருந்தன. கேட்டால், "மறந்துட்டேன் பாப்பா, வயசாகுதுல்ல" என்பார். அண்ணன் கைப்பேசியில் மணியடிக்க வைக்கச் சொன்னார். வைத்தோம். அம்மா மணியை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தார். உறவினர் ஒருவர் "இது மறதி நோயோட ஆரம்பம்" என்று பயமுறுத்தினார்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தவணை வந்தபோது அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏறியிருந்தது. டாக்டர் அவரை மருந்தாளரிடம் அனுப்பினார். மருந்தை ஒழுங்காக எடுக்கச் சிரமப்படும் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே அரசாங்க மருந்தகங்களில் ஒரு தனிப்பிரிவு உண்டு. உடன்போன அக்கா என்னையும் காணொளியில் சேர்த்துக்கொண்டார். மருந்தாளர் ஓர் இளம் மலாய்ப் பெண். அம்மாவின் பையை மேசையில் கவிழ்த்து, பட்டைகளை வகைவகையாக அடுக்கினார். மெட்ஃபார்மின் கணக்கு சரி. அம்லோடிபின் சரி. இரவு மாத்திரையும் சரி. கிளிக்ளஸைடு மட்டும் பட்டை பட்டையாக அப்படியே இருந்தது. மறதி ஒரே ஒரு மாத்திரையை மட்டும் பொறுக்கி மறக்காது.

அந்தப் பெண் "ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்கவில்லை. அந்தப் பட்டையைக் கையிலெடுத்து, "மக்சிக், இதைச் சாப்பிட்டால் உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அந்த நடுக்கம் திரும்ப வந்துவிடுமோ என்ற பயம். தனியாக இருக்கும்போது விழுந்துவிட்டால் யார் பார்ப்பார்கள் என்ற கவலை. மகள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு இதைச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள் என்ற கணக்கு. எங்களிடம் மறதி என்று சொன்னது எங்களைக் காப்பாற்ற.

பயப்படுவது சரிதான் என்று மருந்தாளர் முதலில் ஒப்புக்கொண்டார். டாக்டரோடு பேசி மாத்திரையின் அளவைக் குறைக்கச் செய்தார். சாப்பிடாத வேளையில் அந்த மாத்திரை வேண்டாம், விரதம் இருப்பதென்றால் முன்கூட்டியே வந்து கேளுங்கள், வேர்த்து நடுங்கினால் உடனே இனிப்பு எடுத்துக்கொள்ளுங்கள், ஒருவேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடாதீர்கள் என்று நிதானமாகச் சொல்லி, அம்மாவையே திருப்பிச் சொல்லச் சொன்னார். வீட்டில் மாத்திரையின் இடமும் மாறியது. இட்லிச் சட்டி அடுப்பில் ஏறிய பிறகுதான் கையில் வரும்படி சாமி மேடையிலிருந்து அடுப்படிக்குப் போனது. சாப்பாடு உறுதியானால்தான் மாத்திரை. அடுத்த வாரத்திலிருந்து அந்த அறைகள் காலியாகத் தொடங்கின.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நாட்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பவர்களில், வசதி மிகுந்த நாடுகளில்கூட, சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. காரணங்களை அது ஐந்தாகப் பிரிக்கிறது: சமூக, பொருளாதாரச் சூழல், மருத்துவ அமைப்பு, நோயின் தன்மை, சிகிச்சையின் தன்மை, நோயாளி. மறதி இந்த ஐந்தாவதுக்குள் அடங்கும் ஒரு சின்னப் பகுதி. நாமோ முதலிலேயே அதைப் பிடித்துக்கொண்டு, மணி அடிக்கிறோம், அதட்டுகிறோம், "எத்தனை தடவை சொல்றது" என்கிறோம். பெரியவர்கள் சொல்வதை நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு மாத்திரை வயிற்றைப் பிரட்டலாம். ஒன்று இரவெல்லாம் கழிவறைக்கு நடக்க வைக்கலாம். ஒன்றை விழுங்கவே முடியாமல் இருக்கலாம். மூட்டுவலியில் பட்டையைப் பிதுக்க விரல் வராமல் போகலாம். இவற்றில் எதையும் கைப்பேசி மணி தீர்த்துவைக்காது.

2021 நவம்பர் 29-இல், தடுப்பூசி போட்டவர்களுக்கான தனிப்பாதை பாலத்தில் திறந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் நாளொன்றுக்கு 1,440 பேருக்கு மட்டும் பஸ்ஸில் இடம். அந்த டிசம்பரில் எனக்கொரு சீட்டுக் கிடைத்தது. இரண்டு தீபாவளியை அம்மா இல்லாமல் கழித்திருந்தேன். வீட்டில் அம்மா முதலில் காட்டியது மாத்திரைப் பெட்டிகளைத்தான். ஒட்டுத்தாளில் என் எழுத்து அழிந்து, அவரே மேலே எழுதியிருந்தார். 2022 ஏப்ரல் 1-இல் எல்லை முழுதாகத் திறந்த பிறகு மறுபடி தினமும் போய்வரத் தொடங்கினேன்.

இப்போது அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டி நெடுநாளாகிறது. இந்த முறை மறதி உண்மையாகவே வந்திருக்கிறது. காலையில் பேசியதை மாலையில் மறுபடி கேட்கிறார். டாக்டர் சோதித்துப் பார்த்து, நினைவு மங்கத் தொடங்கியிருப்பதை உறுதிசெய்தார். ஆனாலும் அடுப்பில் இட்லிச் சட்டியை ஏற்றியதும் அவர் கை பெட்டியைத் தேடிப் போகிறது. அவரே போட்ட நிரை என்பதால் அது கையில் பதிந்துவிட்டது. இருந்தாலும் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று எங்களுக்குத் தெரியும். பெட்டியை நிரப்புவது இப்போது அண்ணன் மகனும் அம்மாவும் சேர்ந்து. மிச்ச மருந்து அலமாரிக்குள் பூட்டியிருக்கும். காலாவதியானவற்றை மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். காலையில் எதிர்வீட்டு அக்கா கோப்பிக்கு வரும் சாக்கில் அறையைப் பார்த்துவிட்டுப் போகிறார். 2025-இல் ஜொகூரின் விடுமுறை மறுபடி சனி, ஞாயிறாக மாறியதால் தவணைக்கு நானும் அண்ணனும் மாறி மாறி விடுப்பு எடுக்கிறோம்.

2030-க்குள் மலேசியர்களில் 15 விழுக்காட்டினர் அறுபதைத் தாண்டியிருப்பார்கள் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. அவர்களில் பலரின் பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ அதற்கும் தூரத்திலோ இருப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவின், அப்பாவின் மருந்துப் பையைக் கூடவே உட்கார்ந்து பிரியுங்கள். எது தீர்ந்திருக்கிறது, எது மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். மிச்சமிருப்பதைக் கையில் எடுத்து, அந்த மருந்தாளர் கேட்டதைக் கேளுங்கள்: இதைச் சாப்பிட்டால் உங்களுக்கு என்ன செய்கிறது? கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுங்கள். வந்த பதிலை டாக்டரிடமும் மருந்தாளரிடமும் கொண்டுபோங்கள். பெட்டியும் மணியும் அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.